பட்டயமுண்டு, தரையில்லை: வல்லார்பாடத்திலிருந்து கேரள வீட்டுவசதிக் கொள்கையை வாசித்தல்

நீண்ட பதிவு. வீட்டுவசதி, நிலச் சீர்திருத்தம், நகர வரலாறு ஆகியவற்றைப் பயிலும் மாணவ நண்பர்களை மனத்தில் கொண்டு எழுதியது.

"மலிவு வீடு" என்று சொன்னவுடன் நம் மனத்தில் எழுவது கட்டடம்தான். செங்கல், கூரை, சதுர அடி, மானியத் தொகை என்று எண்ணம் ஓடுகிறது. அரசின் வரையறையும் அவ்வழியே செல்கிறது. 2015இல் தொடங்கிய பிரதம மந்திரி ஆவாஸ் யோஜனாவின் நகர்ப்புறப் பிரிவு, ஆண்டு வருமானம் மூன்று லட்சம் ரூபாய்க்கு மிகாத குடும்பத்தை நலிந்த பிரிவு என்று வகுத்து, அதற்கு 30 சதுர மீட்டர் வரையிலான வீட்டை அளவாகக் கொண்டது. வருமானம் ஓர் அளவு, தரைப்பரப்பு மற்றோர் அளவு. அந்தத் தரை எத்தகையது, எங்கே உள்ளது, யாரிடமிருந்து வந்தது என்னும் கேள்விகளுக்கு இவ்வரையறையில் இடமில்லை.

இக்கேள்விகளை எழுப்பாமல் இருக்கவே முடியாத ஓரிடம் கொச்சிக் காயலில் இருக்கிறது. வல்லார்பாடம் துறைமுக முனையத்துக்குச் சாலையும் இருப்புப்பாதையும் அமைப்பதற்காக 2008இல் 316 குடும்பங்கள் வீடிழந்தன. லட்சக்கணக்கில் வீடு கட்டித் தந்த பெருமையுடைய மாநிலம், இந்த 316 குடும்பங்களுக்கு உரிய காலத்தில் வீடமைத்துத் தர இயலாமற்போனது ஏன்? விடை 2008இல் இல்லை. அதற்கு அரை நூற்றாண்டு முன்பிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் வாதம்.

1. இடம்

எறணாகுளத்துக்கும் வைப்பினுக்கும் இடையே, கொச்சிக் காயலில் அமைந்த சிறு தீவு வல்லார்பாடம். முளவுகாடு கிராமப் பஞ்சாயத்தைச் சேர்ந்தது. போர்த்துகீசியர் காலத்தில் தோன்றிய மாதா கோயிலால் நெடுநாளாக அறியப்பட்ட ஊர். பெயரின் பிற்பகுதியான "பாடம்" மலையாளத்தில் வயலைக் குறிக்கும். இத்தீவுக் கூட்டத்தில் அச்சொல் வெறும் பெயர்க்கூறு அன்று. உவர்நீரைத் தாங்கும் பொக்காளி நெல்லும், நெல் அறுத்தபின் அதே வயலில் இறால் வளர்ப்புமாகச் சுழன்ற வேளாண்மை இங்குள்ளது. வீடு என்பது வயலுக்கும் காயலுக்கும் நடுவே சற்று மேடான ஒரு துண்டு மண். அந்த மேட்டைத் தலைமுறை தலைமுறையாகச் சேறெடுத்துப் போட்டு உயர்த்தியவர்கள் அங்கே வாழ்ந்த மக்களே.

காயலை நிரப்பி நிலமாக்கும் வேலையை அரசும் துறைமுகமும் பேரளவில் செய்தன. ராபர்ட் பிரிஸ்டோவின் பொறுப்பில் நடந்த துறைமுகப் பணியில், ஆழப்படுத்தித் தோண்டிய சேற்றைக் கொண்டே வில்லிங்டன் தீவு உருவாக்கப்பட்டது. ஆகவே கொச்சியில் நிலம் என்பது இயற்கையின் கொடை மட்டுமன்று; உருவாக்கப்படும் பொருளுமாகும். உருவாக்கும் செலவைத் தாங்கக்கூடியவருக்கு அது உறுதியான தரை. தாங்க முடியாதவருக்கு அது சேறு. இவ்வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

2. கிடப்பும் இருப்பும்

1957 ஏப்ரல் 5 அன்று இ. எம். எஸ். நம்பூதிரிபாடு தலைமையிலான அரசு பதவியேற்றது. ஆறாம் நாளே, ஏப்ரல் 11 அன்று, குத்தகைதாரரையும் குடிகிடப்புக்காரரையும் வெளியேற்றுவதைத் தடுக்கும் அவசரச் சட்டம் வந்தது. சுதந்திரக் கேரளத்தின் வீட்டுவசதிக் கொள்கையை இந்நாளிலிருந்து எழுதத் தொடங்குவதே பொருத்தம் என்பேன். வீடு கட்டித் தருவதைப் பற்றி அச்சட்டம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இருக்கிற குடிசையிலிருந்து எவரையும் இறக்கிவிடக் கூடாது என்றது. அவ்வளவே. ஆயினும் அக்காலத்தில் ஏழைக்கு அதைவிடப் பயனுள்ள வீட்டுத் திட்டம் வேறொன்று இருந்திருக்க முடியாது.

குடிகிடப்பு என்ற சொல் கவனத்துக்குரியது. மலையாளச் சட்டமொழியில் நிலவுடைமையாளரின் நிலத்தில் குடிசை கட்டி வாழ அனுமதி பெற்றவர் குடிகிடப்புக்காரர். தமிழகத்தில் இதே உறவைக் குறிக்கச் சட்டம் எடுத்தாண்ட சொல் குடியிருப்பு. 1961இல் குடியிருப்புதாரரை வெளியேற்றத்திலிருந்து காக்கும் சட்டமும், 1971இல் அவர்களுக்கு உடைமை வழங்கும் சட்டமும் அப்பெயரிலேயே இயற்றப்பட்டன. "குடி" இருமொழிக்கும் பொது. வினை மட்டும் வேறு. ஒரு மொழியில் அவர் கிடக்கிறார், மற்றதில் இருக்கிறார். சொல்லின் பொருளை மிகையாக நீட்டக் கூடாது. இரண்டும் வழக்கில் உறைந்த சொற்களே. எனினும் இரண்டு சட்டங்களும் ஒரே உண்மையை ஒப்புக்கொண்டன: வீடு அவருடையது, தரை பிறருடையது.

1969இன் திருத்தச் சட்டம் 1970 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது இந்தப் பிளவைச் சட்டம் தீர்க்க முயன்றது. குடிகிடப்புக்காரர் தம் குடிசை நிற்கும் மண்ணை விலைக்குப் பெறும் உரிமை அடைந்தார். பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட், மாநகரிலும் பெரிய நகராட்சியிலும் 3 சென்ட். விலை பொதுவாகச் சந்தை மதிப்பில் நான்கில் ஒரு பங்கு. குடிகிடப்புக்கான குடிசை எதுவென்பதற்கும் அளவுகோல் இருந்தது: கட்டியபோது 750 ரூபாய்க்கு மேல் செலவாகாதது, அல்லது மாதம் ஐந்து ரூபாய்க்கு மேல் வாடகை தராதது.

ஒரு சென்ட் என்பது ஏக்கரில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது 435.6 சதுர அடி. மூன்று சென்ட் ஏறத்தாழ 1,307 சதுர அடி. இந்த அளவுகள் கேரளத்தின் சமூக வரலாற்றையே மாற்றின. கிடந்தவர் உடைமையாளரானார். வாக்காளராகவும் பஞ்சாயத்து உறுப்பினராகவும் தலைநிமிர்ந்தார். அதே வேளையில் ஏழையின் நிலம் சென்ட் கணக்கிலும், பிறரின் நிலம் ஏக்கர் கணக்கிலும் பேசப்படும் வழக்கமும் நிலைபெற்றது. நிலச் சீர்திருத்தம் குத்தகைதாரருக்கு வயலைத் தந்தது. கூலித் தொழிலாளிக்குக் குடிசையைச் சுற்றிய மண்ணை மட்டும் தந்தது என்ற விமரிசனத்தை, குறிப்பாகத் தலித் வரலாற்று நோக்கிலிருந்து, நாம் தொடர்ந்து கேட்டு வருகிறோம். அவ்விமரிசனம் வீட்டுவசதிக் கொள்கைக்கும் பொருந்தும். பத்து சென்ட் பெற்றவரின் மூன்று பிள்ளைகளுக்கு அடுத்த தலைமுறையில் ஆளுக்கு மூன்று சென்ட்டே எஞ்சும். அதற்கும் அடுத்த தலைமுறை மீண்டும் நிலமற்றோர் பட்டியலில் வந்து நிற்கும்.

3. லட்சம் வீடு

குடிகிடப்பாகக்கூட ஓரிடமில்லாத உழைப்பாளருக்கு என்ன வழி? 1971 இறுதியில் ஒன்றிய அரசு, நிலமற்ற ஊரகத் தொழிலாளருக்கு மனை வழங்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. அதனை விரைந்து பயன்படுத்திய மாநிலம் கேரளம். அச்சுதமேனன் அமைச்சரவையில் வீட்டுவசதித் துறையை ஏற்றிருந்த எம். என். கோவிந்தன் நாயர், ஒவ்வொரு பஞ்சாயத்திலும் ஏறத்தாழ நூறு வீடுகள் என்ற கணக்கில் ஒரு லட்சம் வீடுகள் கட்டும் திட்டத்தை 1972இல் நடைமுறைப்படுத்தினார். மாநில வீட்டுவசதி வாரியம் தோன்றியது அதற்கு முந்தைய ஆண்டான 1971இல்.

இத்திட்டத்தைப் பற்றி மூன்று செய்திகளைக் குறிப்பிட வேண்டும். முதலாவது, மனையைப் பஞ்சாயத்தே கண்டுபிடித்தது. நிலம் முதலில், வீடு பின்னர் என்ற வரிசை அதில் காக்கப்பட்டது. இரண்டாவது, உழைப்பின் ஒரு பகுதி தன்னார்வத்தால் கிடைத்தது. மாணவரும் இளைஞரும் கல்லும் மண்ணும் சுமந்தனர். மூன்றாவது, செலவைக் குறைக்க இரண்டு குடும்பங்களுக்கு நடுச்சுவர் ஒன்றாக அமைத்தனர். இலக்கான லட்சத்தை அத்திட்டம் எட்டவில்லை. ஆயினும் "லட்சம் வீடு" என்ற பெயர் எண்ணிக்கையைக் கடந்து ஊர்ப் பெயராகவே நிலைத்தது. கேரளத்தின் பல ஊர்களில் இன்றும் லட்சம் வீடு என்றால் ஒரு குடியிருப்பின் முகவரி.

அந்த நடுச்சுவர் பின்னாளில் சிக்கலாயிற்று. ஒரு பாதி இடிந்து மறுபாதி நின்றபோது, ஒருவர் மாடி எழுப்ப விரும்பி மற்றவரிடம் பணமில்லாதபோது, இருவராலும் எதுவும் செய்ய இயலவில்லை. இரட்டை வீடுகளை ஒற்றை வீடுகளாக மாற்றுவதற்கென்றே பிற்காலத்தில் தனித் திட்டம் தேவைப்பட்டது. மலிவாகக் கட்டும்போது சேமித்த தொகையைப் பயனாளியே பிந்தைய ஆண்டுகளில் செலுத்த நேர்ந்தது என்று இதனை வாசிக்கலாம். செலவு மறையவில்லை; தள்ளிப்போனது. இந்தத் தள்ளிப்போடல் நம் கதையில் மீண்டும் வரும்.

இப்படிக் குறைத்துக் கட்டுவதற்கும் சிக்கனமாகக் கட்டுவதற்கும் வேறுபாடு உண்டு என்பதை லாரி பேக்கரின் பணி காட்டிற்று. பதவியிலிருந்து விலகியபின் அச்சுதமேனன், பேக்கர், பொருளியலாளர் கே. என். ராஜ் ஆகியோருடன் இணைந்து 1985இல் காஸ்ட்ஃபோர்ட் நிறுவனத்தை உருவாக்கினார். உள்ளூர்ப் பொருளும் உள்ளூர்த் திறனும் கொண்டு தரம் குறையாமல் கட்டும் வழியை அது பரப்பியது. ஆனால் கட்டுமானச் செலவைக் குறைக்கும் எந்த நுட்பமும் நிலத்தின் விலையைத் தொடுவதில்லை.

4. நிலம் விலையேறிய காலம்

எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து வளைகுடாப் பணம் கேரளத்தில் வீடாக உருமாறியது. மனை, சேமிப்பின் வடிவமாயிற்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கேரளத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு வீடு ஆளின்றிப் பூட்டிக் கிடந்தது. வீடற்றோரும் ஆளற்ற வீடுகளும் ஒரே மாநிலத்தில் இலட்சக்கணக்கில் இருந்தன. பற்றாக்குறை கட்டடத்தில் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தீவுகளில் இம்மாற்றம் சற்றுப் பிந்தி வந்தது. படகையே நம்பியிருந்த வைப்பின், வல்லார்பாடம், முளவுகாடு மக்கள் பாலத்துக்காக நெடுங்காலம் போராடினர். 1994இல் கோஸ்ரீ தீவுகள் மேம்பாட்டு ஆணையம் அமைக்கப்பட்டது. காயலின் ஒரு பகுதியை நிரப்பி, அந்நிலத்தை விற்று, அப்பணத்தில் பாலம் கட்டுவது என்பது அதன் வழிமுறை. 2004இல் கோஸ்ரீப் பாலங்கள் திறக்கப்பட்டன. மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் படகுக்காகக் காத்திராமல் செல்ல முடிந்தது பெரும் விடுதலை. அதே பாலம் தீவின் மண்ணை நகரச் சந்தைக்குள் கொண்டுவந்தது.

கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் இங்கே சேர்ந்துகொண்டன. 2011 அறிவிக்கை, கேரளத்தின் காயல் தீவுகளில் உயர் அலைக்கோட்டிலிருந்து 50 மீட்டர் வரை புதிய கட்டுமானத்தைத் தடுத்தது. உள்ளூர் மக்களின் ஏற்கனவே உள்ள வீடுகளைப் பழுதுபார்க்கவும் மீண்டும் கட்டவும் மட்டும் இடமளித்தது. சூழலியல் நோக்கில் இதற்கு வலுவான நியாயம் உண்டு. ஆனால் நான்கு பக்கமும் நீர் சூழ்ந்த ஒடுங்கிய தீவில் ஐம்பது மீட்டர் என்பது பல குடும்பங்களின் முழு மனை. 2008இல் இயற்றப்பட்ட நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டமும் வயலில் சொந்த வீடு கட்ட விலக்களிக்கும்போது பஞ்சாயத்தில் 10 சென்ட், நகரத்தில் 5 சென்ட் என்றே வரம்பிட்டது. 1970இன் அதே எண்கள். ஏழையின் வீட்டுக்கு இவ்வளவு போதும் என்ற அளவுணர்வு நான்கு பத்தாண்டுகளாகச் சட்டமொழியில் அசையாமல் நின்றதை இது காட்டுகிறது.

5. 2008 பிப்ரவரி 6

வல்லார்பாடத்தில் பன்னாட்டுச் சரக்குப்பெட்டக மாற்று முனையம் அமைக்கக் கொச்சித் துறைமுகப் பொறுப்புக் கழகம் துபாயைத் தலைமையிடமாகக் கொண்ட டிபி வேர்ல்டு நிறுவனத்துடன் 2005இல் உடன்பாடு செய்தது. முனையம் தீவில். ஆனால் பெட்டகங்கள் தரைவழி வெளியேற வேண்டும். இடப்பள்ளியிலிருந்து வல்லார்பாடம் வரை ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர் இருப்புப்பாதையும், களமசேரியிலிருந்து 17 கிலோமீட்டர் தேசிய நெடுஞ்சாலையும் திட்டமிடப்பட்டன. இருப்புப்பாதையில் வேம்பநாட்டுக் காயலின் மேல் செல்லும் பாலம் மட்டும் 4.62 கிலோமீட்டர், பல ஆண்டுகள் இந்தியாவின் மிக நீண்ட இரயில் பாலம் என்ற பெயர் அதற்கிருந்தது.

இப்பாதைகளின் வழியில் மூலம்பிள்ளி, முளவுகாடு, கோதாடு, சேரானல்லூர், வடுதலை, ஏலூர் முதலிய ஊர்களின் வீடுகள் இருந்தன. 2008 பிப்ரவரி 6 அன்று மூலம்பிள்ளியில் காவல்துறைப் பாதுகாப்புடன் வீடுகள் இயந்திரங்களால் இடிக்கப்பட்டன. வெளியேற்றப்பட்டோர் எறணாகுளம் நகரின் மேனகைச் சந்திப்பில் பந்தலிட்டுப் பல வாரங்கள் போராடினர். மார்ச் 19 அன்று அரசு மறுவாழ்வு ஆணை பிறப்பித்தது. 1957இல் வெளியேற்றத்தைத் தடுக்கும் சட்டத்தோடு தொடங்கிய அரசியல் மரபின் வழிவந்த அரசே அப்போதும் ஆட்சியிலிருந்தது என்பது வரலாற்றின் முரண்.

"மூலம்பிள்ளி பாக்கேஜ்" என்று வழங்கும் அவ்வாணை காகிதத்தில் தாராளமானது. 316 குடும்பங்களுக்கும் நான்கு முதல் ஆறு சென்ட் வரை மனை. மனை ஆயத்தமாகும்வரை மாதம் 5,000 ரூபாய் வாடகைப் பணம். குடும்பத்தில் ஒருவருக்குத் திட்டத்தில் வேலை. அடித்தளத்துக்குப் பைலிங் செய்யத் தனித்தொகை. இந்த இறுதிக் கூறே என்னைப் பொறுத்தவரை ஆணையின் மிக முக்கியமான வரி. கொடுக்கப்போகும் மண் சாதாரண அடித்தளத்தைத் தாங்காது என்பதை அரசு முன்கூட்டியே அறிந்திருந்தது என்பதற்கு அதுவே சான்று.

மனைகள் காக்கநாட்டை அடுத்த துதியூர், வடுதலை, முளவுகாடு, கோதாடு, மூலம்பிள்ளி உள்ளிட்ட ஏழு இடங்களில் ஒதுக்கப்பட்டன. பல இடங்கள் சதுப்பு, அல்லது காயலை நிரப்பிய மண். துதியூரில் துணிந்து வீடு கட்டியவர்களின் சுவர்கள் விரிசல்விட்டன, வீடுகள் சாய்ந்தன. பெரும்பாலோர் பல ஆண்டுகள் கடந்தும் வீடு கட்ட இயலாமல் வாடகை வீட்டிலும் உறவினர் வீட்டிலும் தங்கினர். மறுவாழ்வைக் காணாமலே முதியோர் பலர் மறைந்தனர். வேலை என்ற வாக்குறுதி பெரும்பாலும் ஏட்டிலேயே நின்றது. முனையத்தை 2011 பிப்ரவரி 11 அன்று பிரதமர் மன்மோகன் சிங் திறந்து வைத்தார். இடிப்புக்கும் திறப்புக்கும் இடையே மூன்று ஆண்டுகளும் ஐந்து நாள்களும். நான்கரைக் கிலோமீட்டருக்கும் மேல் நீளும் பாலத்தை அதே மென்சேற்றில் பைல் இறக்கி அக்காலத்துக்குள் எழுப்ப முடிந்தது. அதே சேற்றில் நான்கு சென்ட் வீட்டுக்கான அடித்தளம் எழவில்லை.

காரணம் பொறியியல் அன்று. கொச்சியின் கடற்களிமண்ணில் உறுதியான அடுக்கை அடைய, பல பத்து மீட்டர் ஆழம் வரை பைல் இறக்க வேண்டியிருப்பது கட்டுமானத் துறையில் எல்லோரும் அறிந்தது. பெரிய கட்டடத்தில் அச்செலவு பல மாடிகளுக்குப் பங்கிடப்படும். தனி வீட்டில் முழுவதும் ஒரே குடும்பத்தின் தலையில் விழும். அடித்தளத்தின் விலை வீட்டின் விலையையே மிஞ்சிவிடும். ஒதுக்கப்பட்ட மனை சந்தைக் கணக்கில் சொத்து. கட்டுவோர் கணக்கில் கடன். பட்டயம் கையில் இருந்தது. தரை இல்லை.

6. சட்டத்துக்கு முன்னும் பின்னும்

மூலம்பிள்ளி நிகழ்வுக்கு மூன்று மாதங்கள் முன்னரே, 2007 அக்டோபர் 31 அன்று, ஒன்றிய அரசின் தேசிய மறுவாழ்வு, மறுகுடியமர்த்தல் கொள்கை வெளிவந்திருந்தது. சமவெளியில் 400 குடும்பங்களுக்குக் குறையாமல் இடம்பெயரும்போதே சமூகத் தாக்க மதிப்பீடு கட்டாயம் என்றது அது. இங்கே குடும்பங்கள் 316. அதாவது, மதிப்பீட்டுக்குத் தேவையான அளவு துன்பம் இங்கில்லை.

2013இல் இயற்றப்பட்டு 2014 முதல் நடைமுறைக்கு வந்த நிலமெடுப்புச் சட்டம் இவ்விடைவெளியைப் பெருமளவு நிரப்பியது. அதன் இரண்டாம் அட்டவணைப்படி, வீடிழந்தவருக்கு ஊரகத்தில் இந்திரா ஆவாஸ் தரத்திலும், நகரத்தில் 50 சதுர மீட்டருக்குக் குறையாமலும் கட்டிய வீடே தர வேண்டும். மனை தந்தால் போதாது. தேசிய நெடுஞ்சாலைச் சட்டம், இரயில்வே சட்டம் போன்றவற்றின்கீழ் நிலமெடுக்கும்போதும் இம்மறுவாழ்வு விதிகள் பொருந்தும் என்பது 2015இல் உறுதியாயிற்று. மூலம்பிள்ளி மக்கள் இவையனைத்துக்கும் முன்னவர்கள். அவர்களுக்குக் கிடைத்தது சட்ட உரிமை அன்று, போராடிப் பெற்ற அரசாணை. அரசாணையை நிறைவேற்றக் கோரி மீண்டும் மீண்டும் போராட வேண்டியிருந்தது அதனால்தான்.

7. அடித்தளத்தின் செலவு யாருடையது?

2016இல் கேரள அரசு லைஃப் மிஷனைத் தொடங்கியது. முதலில் பாதியில் நின்ற வீடுகளை முடித்தல், அடுத்து நிலமுள்ள வீடற்றோர், இறுதியாக நிலமற்ற வீடற்றோர் என்று அது மூன்று கட்டங்களை வகுத்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் நிறைவுற்றுள்ளன. ஒரு வீட்டுக்கு நான்கு லட்சம் ரூபாய் உதவி. ஒன்றிய அரசின் பங்கு அதில் ஒரு பகுதியே என்பதால், பயனாளியின் சுவரில் திட்டச் சின்னம் பொறிக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் கேரளம் ஏற்க மறுத்ததும் நாம் அறிந்ததே. வீட்டைத் தானமாகவன்றி உரிமையாகக் கருதும் பார்வை அம்மறுப்பில் உண்டு.

ஆனால் அக்கட்டங்களின் வரிசையைக் கவனியுங்கள். எளியது முதலில், நிலமற்றோர் கடைசியில். நிர்வாகத்துக்கு இது இயல்பான வரிசை. நிலமில்லாதவருக்கு எந்தப் பணஉதவியும் தானாக வீடாகாது. 2021 இறுதியில் "மனஸ்ஸோடித்திரி மண்ணு", அதாவது மனமுவந்து சிறிது மண், என்ற பெயரில் நிலம் தானமாகக் கேட்கும் இயக்கத்தை அரசு தொடங்க நேர்ந்தது. நிலச் சீர்திருத்தத்தில் முன்னோடியான மாநிலம் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் மண்ணை நன்கொடையாகக் கேட்டு நின்றது.

மட்டாஞ்சேரியை அடுத்த ஃபோர்ட் கொச்சியில் வேறொரு வழி பரிசோதிக்கப்பட்டது. நெருக்கமான வீடுகளில் வாழ்ந்த துருத்திக் குடியிருப்பு மக்களுக்கு, ராஜீவ் ஆவாஸ் யோஜனாவின்கீழ் கொச்சி மாநகராட்சியும், ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தின்கீழ் கொச்சின் ஸ்மார்ட் மிஷன் நிறுவனமும் ஆளுக்கொரு அடுக்ககம் எழுப்பின. மொத்தம் 394 வீடுகள். பணி பலமுறை தடைபட்டு நெடுங்காலம் இழுத்தது. 2025 செப்டம்பரில்தான் திறப்பு. துருத்தி என்ற சொல்லே தமிழில் ஆற்றிடைக்குறையைக் குறிக்கும், மலையாளத்தில் துருத்து என்றால் தீவு. இதுவும் நீர் சார்ந்த மென்மண். ஆனால் இங்கே மக்கள் அகற்றப்பட்டு வேறிடம் அனுப்பப்படவில்லை. அதே வட்டாரத்தில் வீடு எழுந்தது. அடித்தளத்தின் செலவை அரசே ஏற்றது.

துதியூரையும் துருத்தியையும் அருகருகே வைத்தால் என் வாதம் முழுமை பெறும். இரண்டிலும் மண் ஒன்றே, மக்களின் பொருளாதார நிலையும் ஒப்பிடத்தக்கதே. வேறுபாடு, தரையை வாழத்தக்கதாக்கும் செலவை யார் தாங்கினார் என்பதில் உள்ளது. அரசு தாங்கியபோது தாமதமாகவேனும் வீடு எழுந்தது. குடும்பத்தின்மேல் தள்ளியபோது எழவில்லை. லட்சம் வீட்டின் நடுச்சுவரில் கண்ட தள்ளிப்போடல்தான் துதியூரின் சேற்றில் பெருகி நின்றது.

8. தமிழகத்திலிருந்து ஒரு பார்வை

கேரளத்தைக் குறைகூறித் தமிழகம் மகிழ இதில் இடமில்லை. 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம், 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமாகப் பெயர் மாறியது. அதன் தொடக்ககாலச் சென்னை அடுக்ககங்கள் பல, குடிசைகள் இருந்த இடத்திலேயே எழுந்தன. பின்னர் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என நகரின் தென்விளிம்புச் சதுப்பை நோக்கி மக்கள் நகர்த்தப்பட்டனர். அங்கே கட்டிய வீடு கிடைத்தது. தொழிலும் பள்ளியும் உறவும் பின்னே நின்றன. மூலம்பிள்ளியில் நிலம் இருந்து வீடில்லை. பெரும்பாக்கத்தில் வீடிருந்து வாழ்வாதாரம் இல்லை. இரண்டிலும் ஏழைக்கென்று தேடப்பட்டது, அரசுக்கு மிகக் குறைந்த விலையில் கிடைத்த மண்.

பெயர்களையும் இரு மாநிலங்களும் மாற்றி வருகின்றன. கேரளம் 2024 சூனில் பட்டியல் சாதி, பழங்குடி வாழிடங்களுக்குக் "காலனி" என்ற பெயரைக் கைவிடுமாறு ஆணையிட்டது. தமிழக முதலமைச்சர் 2025 ஏப்ரலில் அரசு ஆவணங்களிலிருந்து அச்சொல் நீக்கப்படும் என அறிவித்தார். மொழியியல் பயின்றவன் என்ற முறையில் இம்மாற்றத்தின் அவசியத்தை நான் குறைத்து மதிக்கமாட்டேன். இழிவு ஏறிய சொல் முகவரியில் இருப்பதும் ஒரு வகை வெளியேற்றமே. எனினும் சொல் மாறும் வேகத்தில் மண் மாறவில்லை.

பலரும் சுட்டும் சிங்கப்பூரின் முன்மாதிரியிலும் இதே பாடம்தான். 1960இல் வீட்டுவசதி வளர்ச்சிக் கழகம் தோன்றியது. 1966இன் நிலமெடுப்புச் சட்டம் பேரளவு நிலத்தை அரசின் கையில் சேர்த்தது. அங்கு அதிகாரம் செலுத்தப்பட்ட முறையை நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் மலிவான வீட்டின் பின்னால் பொதுவுடைமையான, நல்ல இடத்திலுள்ள நிலம் இருந்தது என்பதை மறந்து அடுக்ககத்தின் உயரத்தை மட்டும் வியப்பதில் பொருளில்லை.

9. முடிவாக

துறைமுகம் நாட்டுக்குத் தேவை, 316 குடும்பங்கள் சிறு எண்ணிக்கைதானே என்ற வாதம் எழக்கூடும். சிறு எண்ணிக்கை என்பதால்தான் இது நல்ல சோதனை. பெருந்திட்டத்தின் செலவுக் கணக்கில் இக்குடும்பங்களுக்கு உறுதியான தரையில் கட்டிய வீடுகளைச் சேர்த்திருந்தால் அத்தொகை பாலத்தின் சில தூண்களின் அளவே இருந்திருக்கும். சேர்க்காமல் விட்டது வறுமையால் நேர்ந்ததன்று. மறுவாழ்வைத் திட்டத்தின் உறுப்பாகக் கருதாமல், பின்னர் வழங்கும் உதவியாகக் கருதியதால் நேர்ந்தது.

ஆகவே வீட்டுவசதிக் கொள்கையை ஆராயும் நண்பர்கள் எந்தத் திட்ட ஆவணத்தை எடுத்தாலும், எத்தனை வீடு, எவ்வளவு மானியம் என்ற கேள்விகளுடன் இம்மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டுகிறேன்: நிலம் எங்கிருந்து வந்தது? அதனை வாழத்தக்கதாக்கும் செலவு யார் கணக்கில் எழுதப்பட்டது? வீடு தரும் அரசே வீடெடுக்கும்போது, எந்தச் சட்டம் அதனைத் தடுத்து நிறுத்தும்? 1957 ஏப்ரலின் அவசரச் சட்டம் மூன்றாம் கேள்விக்கு ஆறே நாளில் விடை சொன்னது. முதலிரண்டு கேள்விகளுக்கான விடை துதியூரின் மண்ணில் இன்னும் எழுதப்படாமல் இருக்கிறது.

எண்ணூர், பழவேற்காடு, தூத்துக்குடி முதலிய துறைமுக வட்டாரங்களின் குடியிருப்பு வரலாற்றில் பணியாற்றுவோர் இவ்வொப்பீட்டை மேலெடுத்துச் செல்லலாம். மாற்றுக் கருத்துகளையும் பின்னூட்டத்தில் எதிர்நோக்குகிறேன்.